தூதர் இல்லாத நட்பு: தமிழ்நாடும் தைவானும்

மாணவத் தோழர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இந்த அரங்கத்துக்கு வந்திருக்கும் தங்கைகளே, காஞ்சி மாநகரப் பெருமக்களே!

தமிழ்நாட்டுக்கும் தைவானுக்கும் உள்ள நட்பைப் பற்றியும் வணிக உறவைப் பற்றியும் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். தைவான் எங்கே இருக்கிறது என்று வேறு ஊரில் கேட்டால் உலகப் படத்தைத் தேடுவார்கள். இந்த மாவட்டத்தில் கேட்டால், “சுங்குவார்சத்திரம் தாண்டி இடது பக்கம்” என்று வழி சொல்வார்கள்! அந்த அளவுக்கு அந்தத் தீவு நம் அன்றாடத்துக்குள் வந்துவிட்டது. அது வந்த வழியையும், கொண்டுவந்ததையும், இன்னும் கொண்டுவராததையும் இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

ஒரு மாநில அரசு ஓர் அயல்நாட்டோடு நட்புக் கொள்ள முடியுமா? இதுதான் முதற் கேள்வி. சட்டப் புத்தகத்தைத் திறந்தால், முடியாது என்றே தோன்றும். நம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. தூதரகம் அங்கே இருக்கிறது. அயல்நாடுகளோடு உடன்படிக்கை செய்யும் உரிமை அங்கே இருக்கிறது. அயல்நாட்டு வணிகமும் அங்கேதான் இருக்கிறது. முதலமைச்சர் ஒரு தூதரை நியமிக்க முடியாது. சட்டமன்றம் ஒரு சுங்க வரியைக் குறைக்க முடியாது.

அப்படியானால் மாநிலத்தின் கையில் என்னதான் இருக்கிறது? நிலம் இருக்கிறது. நீர் இருக்கிறது. பொதுச் சுகாதாரமும் காவல்துறையும் இருக்கின்றன. ஒன்றியத்தோடு பங்குபோட்டுக்கொள்ளும் பொதுப்பட்டியலில் மின்சாரமும் கல்வியும் தொழிலாளர் நலமும் தொழிற்சங்கமும் இருக்கின்றன. யோசித்துப் பாருங்கள்: அயல்நாட்டார் ஒருவர் ஆலை வைக்க வந்தால் டெல்லியில் அவருக்குக் கிடைப்பது அனுமதி. ஆலை நிற்க இடமும், ஓட மின்சாரமும், குடிக்கத் தண்ணீரும், வேலை செய்ய ஆளும் கிடைப்பது மாநிலத்தில்! டெல்லி கை குலுக்கலாம். குடும்பம் நடத்துவது மாநிலத்தோடுதான்.

உலகெங்கும் இதுதான் நிலை. அமெரிக்காவின் அரசமைப்பும் மாநிலங்கள் அயல்நாடுகளோடு உடன்படிக்கை செய்வதைத் தடுக்கிறது. ஆனாலும் அந்த நாட்டின் பல மாநிலங்கள் தைபே நகரில் வணிக அலுவலகம் வைத்திருக்கின்றன. உலகின் தலைசிறந்த சில்லு உற்பத்தியாளரான டிஎஸ்எம்சி 2020இல் அரிசோனாவில் ஆலை அமைக்கப் போவதாக அறிவித்தபோது, அதற்கான சாலைக்கும் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்தது ஃபீனிக்ஸ் நகரம். சட்டம் கதவைச் சாத்தினால் வணிகம் சாளரத்தின் வழியே நுழையும்.

தைவானைப் பொறுத்தவரை இந்தக் கதையில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியா 1950 ஏப்ரல் முதல் நாள் பெய்ஜிங்கோடு தூதரக உறவு வைத்துக்கொண்டது. அன்று முதல் இன்று வரை தைவானைத் தனி நாடாக நாம் முறைப்படி ஏற்கவில்லை. நாம் மட்டுமா? அதை முறைப்படி ஏற்றுத் தூதரகம் வைத்திருக்கும் நாடுகள் இன்றைக்கு ஒரு டஜன் அளவுக்குத்தான் இருக்கின்றன. 1995இல் தைபேயில் ‘இந்தியா-தைபே சங்கம்’ என்ற பெயரில் ஓர் அலுவலகம் திறந்தோம். அவர்கள் டெல்லியில் ‘தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்’ திறந்தார்கள். தூதரகம் என்ற பலகை இல்லை, தூதர் என்ற பட்டம் இல்லை. பிறகு 2012இல் அந்த மையத்துக்கு இன்னோர் அலுவலகம் வேண்டும் என்று எண்ணியபோது அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் எது? மும்பை அல்ல, பெங்களூரு அல்ல. சென்னை! மும்பையில் அவர்கள் அலுவலகம் திறந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024இல்.

ஆக, தூதர் இல்லாத ஒரு நாடு. தூதரை அனுப்ப உரிமை இல்லாத ஒரு மாநிலம். இரண்டும் சேர்ந்தபோது நடந்தது என்ன? நம் மாவட்டங்களின் பெயரைச் சொல்லியே கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தைவான் நிறுவனமான ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. மகிந்திரா சிட்டியில் பெகட்ரான் 2022இல் ஆலை திறந்தது. அதன் பெரும்பங்கு 2025இல் டாடா கைக்கு மாறியது. கிருஷ்ணகிரியில் டெல்டா மின்னணுக் கருவிகள் செய்கிறது. செய்யாற்றில், மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பேட்டையில், ஃபெங் டே குழுமம் காலணி தைக்கிறது. அங்கே தைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. அதே மாதம் அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் இன்னொரு தைவான் காலணி நிறுவனத்துக்கு அடிக்கல். கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டையில் பூ சென் நிறுவனம் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் 20,000 பேருக்கு வேலை தருவதாக 2023இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

இந்த ஊர்களை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். செய்யாறு, பனப்பாக்கம், ஜெயங்கொண்டம், உளுந்தூர்பேட்டை! மின்னணு ஆலைகள் சென்னையைச் சுற்றி நிற்கின்றன. காலணி ஆலைகளோ மழையை நம்பி வேளாண்மை செய்த வட, நடு மாவட்டங்களுக்குள் போகின்றன. வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறிய ஊர்கள் இவை. அந்த ஊர்ப் பெண் காலையில் ஆலை பஸ் ஏறி மாலையில் வீடு திரும்ப முடிந்தால், அந்த வீட்டில் மாறுவது வருமானம் மட்டுமா? அவள் பெயரில் வங்கிக் கணக்கு வருகிறது. அவள் சொல்லுக்கு வீட்டில் எடை வருகிறது. கல்யாணப் பேச்சு எடுத்தால், “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லும் துணிவு வருகிறது.

2023-24ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 956 கோடி டாலர். இந்திய மாநிலங்களிலேயே முதலிடம். இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அந்த ஏற்றுமதி இந்தப் பெண்களின் கைவேலை.

தைவான் முதலாளிகள் நம் மீது கொண்ட காதலால் வந்தார்களா? இல்லை. 2018இல் அமெரிக்கா சீனப் பொருள்கள் மீது வரி ஏற்றியது. பிறகு கொரோனா வந்து சீன ஆலைகளை மூடவைத்தது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கக் கூடாது என்று பொருள் வாங்கும் பெரிய நிறுவனங்கள் நெருக்கின. இடம் தேடினார்கள், வந்தார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இடம் தேடியவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? நிலம் எல்லா மாநிலத்திலும்தான் இருக்கிறது. துறைமுகம் குஜராத்திலும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் ஆயிரம் ஆயிரமாக வேலைக்கு வர ஆயத்தமாக இருந்த இடம் இது. அதற்கு முதலீடு போட்டவர் யார்? பள்ளிக்கூடம் திறந்த ஆட்சிகள் போட்டன. சத்துணவு போட்ட ஆட்சிகள் போட்டன. சைக்கிள் கொடுத்ததும் பஸ்ஸில் கட்டணமில்லாமல் ஏற்றியதும் முதலீடுதான். மகளை எட்டாம் வகுப்போடு நிறுத்தாத தாய்மார்கள் எல்லாருக்கும் முன்னால் போட்டார்கள். தமிழ்நாடு இந்த நட்புக்குக் கொடுத்த சீதனம் சிப்காட் மனைகள் மட்டும் இல்லை. மூன்று தலைமுறையின் பள்ளிக்கூடமும் அதில் சேர்ந்திருக்கிறது. பேரம் பேச உட்காரும்போது இதை நாம் மறக்கக் கூடாது!

சரி, நாம் கொடுத்ததைச் சொன்னேன். எதிரே நிற்பவர் யார் என்று தெரிய வேண்டாமா? தைவான் நம் மாநிலத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான பரப்பு. மக்கள்தொகை இரண்டேகால் கோடிக்குச் சற்று மேல். இன்றைக்குப் பணக்கார நாடு. ஆனால் நேற்று அது ஏழை நாடு. அதைவிட முக்கியமானது ஒன்று: இன்றைக்கு அது மக்களாட்சி நாடு, நேற்று அது இராணுவச் சட்டத்தின் கீழ் இருந்த நாடு. 1949 முதல் 1987 வரை முப்பத்தெட்டு ஆண்டுகள்! வேலைநிறுத்தத்துக்குத் தடை. எதிர்க்கட்சிக்குத் தடை. எழுதியவனுக்குச் சிறை.

அந்தக் கதை முழுவதையும் ஒரே ஊரை வைத்துச் சொல்லிவிடலாம். தைவானின் தெற்கே காவோசியுங் என்று ஒரு துறைமுக நகரம். 1966இல் அங்கே ஏற்றுமதிப் பதனப் பகுதி ஒன்றைத் திறந்தார்கள். நம் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் பலவற்றுக்கு அது மூத்த அக்காள். வரி இல்லை, கெடுபிடி இல்லை, அயல்நாட்டு நிறுவனங்களே வருக என்றார்கள். நிறுவனங்கள் வந்தன. ஆலைக்குள் போனவர்கள் யார்? சுற்றியிருந்த மீனவக் குப்பங்களின், உழவர் குடும்பங்களின் இளம்பெண்கள்.

நகரத்துக்கு எதிரே சீஜின் என்று ஒரு சிறு தீவு. அங்கிருந்த பெண்கள் அன்றாடம் படகேறித்தான் ஆலைக்குப் போக வேண்டும். 1973 செப்டம்பர் 3. காலை நேரம். ஷிப்ட்டுக்கு நேரமாகிறது. அடுத்த படகுக்குக் காத்திருந்தால் தாமதம், தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பு. இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததா? அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு துறைமுகத்தின் நடுவிலே கவிழ்ந்தது. இருபத்தைந்து பேர் மாண்டார்கள். இருபத்தைந்து பேரும் பெண்கள். இருபத்தைந்து பேரும் திருமணமாகாதவர்கள்.

கொடுமை அதோடு முடியவில்லை. அந்த ஊர் வழக்கப்படி, மணமாகாமல் இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் படையல் மாடத்தில் இடம் கிடையாது. எனவே அவர்களை ஒன்றாக அடக்கம் செய்து, ‘இருபத்தைந்து கன்னியர் கல்லறை’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்காக உழைத்தவள் வீட்டுத் தெய்வமாகவும் ஆக முடியவில்லை! பல ஆண்டுகள் கழித்து அந்த நாட்டுப் பெண்கள் இயக்கத்தார் கேட்டார்கள்: இவர்கள் கன்னியராகவா செத்தார்கள், தொழிலாளராகவா செத்தார்கள்? வேலைக்குப் போகும் வழியில் செத்தவர்களை வேலையின் பெயரால் நினைக்க வேண்டாமா? 2008இல் அந்த இடம் பெண் தொழிலாளர் நினைவுப் பூங்கா ஆயிற்று. தைவானின் பொருளாதார அற்புதம் என்று உலகம் சொல்கிறதே, அந்த அற்புதத்தின் அடியில் கிடப்பவர்கள் இவர்கள்.

அதே காவோசியுங்கில் 1979 டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று, ‘ஃபார்மோசா’ என்ற இதழைச் சேர்ந்தவர்கள் மக்களாட்சி கேட்டு ஊர்வலம் போனார்கள். அரசு அடித்தது. தலைவர்களைப் பிடித்து இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது. சிறைக்குப் போனவர்களில் ஒருவர் அன்னெட் லூ என்ற பெண். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் சென் சுய்-பியான். 1987இல் இராணுவச் சட்டம் நீங்கியது. 1996இல் மக்கள் முதன்முறையாகத் தம் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2000இல் நடந்த தேர்தலில் வென்று அதிபரானவர் யார்? அந்த வழக்கறிஞர்! துணை அதிபரானவர் யார்? அந்தச் சிறைக்கைதி! 2016இல் சாய் இங்-வென் என்ற பெண் அதிபரானார்.

தோழர்களே, இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? தைவான் ஆலை நடத்தக் கற்றது ஒரு பள்ளிக்கூடம். ஆலைத் தொழிலாளியைக் குடிமகளாக மதிக்கக் கற்றது இன்னொரு பள்ளிக்கூடம். முதற் பள்ளியில் படித்தவர்கள் சிப்காட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டாவது பள்ளியில் படித்தவர்களை நாம் இன்னும் அழைக்கவில்லை! நான் இன்று சொல்ல வந்தது இதுதான். மக்களாட்சி நாட்டோடு நட்பு என்றால், அந்த நாட்டின் முதலாளிகளோடு மட்டும் நட்பு என்று பொருள் ஆகாது. அந்த நாட்டு மக்கள் பட்டுப் படித்த பாடத்தோடும் நட்பு வேண்டும்.

இன்னோர் எடுத்துக்காட்டு. ஆர்சிஏ என்று ஓர் அமெரிக்க நிறுவனம். தைவானின் முன்னேற்றக் கதையில் அது இரண்டு முகம் காட்டுகிறது. தைவான் அரசு 1973இல் தொழில்நுட்ப ஆய்வுக்கென ‘ஐட்ரி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. 1976இல் ஆர்சிஏவோடு ஒப்பந்தம் போட்டு, இளம் பொறியாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சில்லு செய்யும் வித்தையைக் கற்றுவரச் சொன்னது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். 1980இல் சின்சூ அறிவியல் பூங்கா வந்தது. 1987இல் மாரிஸ் சாங் தலைமையில் டிஎஸ்எம்சி வந்தது. இன்று உலகின் மிக நுண்ணிய சில்லுகளில் பெரும்பகுதி அந்தத் தீவில்தான் பிறக்கிறது. ஆலையை வரவேற்றவர்கள் எத்தனையோ பேர். வந்தவனிடம் வித்தையைக் கேட்டு வாங்கியவர்கள் சிலர். அந்தச் சிலரில் ஒருவர் தைவான்.

இது ஒரு முகம். மறுமுகம் தாவோயுவானில். அங்கே அதே ஆர்சிஏவுக்கு ஒரு தொலைக்காட்சி உதிரிப்பாக ஆலை இருந்தது. ஆயிரம் ஆயிரமாய்ப் பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். நிறுவனத்தார் கழிவுக் கரைப்பான்களைக் கொட்டினார்கள், நிலத்தடி நீர் நஞ்சானது. ஆலை 1992இல் மூடியது, நிறுவனமும் கைமாறிப் போயிற்று. ஆனால் அங்கே வேலை செய்தவர்களுக்குப் புற்றுநோய் வந்தது. அவர்கள் சங்கம் சேர்ந்தார்கள், 2004இல் வழக்குப் போட்டார்கள். 2015இல் தைபே நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இடையில் எத்தனையோ பேர் இறந்துபோனார்கள். மக்களாட்சி தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. இராணுவச் சட்டம் நீடித்திருந்தால் அந்த வழக்கு நீதிமன்றப் படியேறியிருக்குமா?

பாலாற்றுக் கரையில் இருந்து வந்திருப்பவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையின் தோல் தொழில் நமக்குச் சோறும் போட்டது, நம் கிணற்றையும் கெடுத்தது. அடுத்த முறை ஓர் ஆலை வரும்போது, எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கும் அதே மூச்சில், கழிவு எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும்.

இனி நம் பக்கத்து ஐந்தொகையைத் திறப்போம். முதலில் ஒரு பழைய காயம். ஸ்ரீபெரும்புதூரில் பின்லாந்து நிறுவனமான நோக்கியா 2006இல் ஆலை திறந்தது. பின்லாந்தும் மக்களாட்சி நாடுதான். ஊரே கொண்டாடியது. 2014 நவம்பரில் ஆலை மூடியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கையில் ஒரு தொகையோடு வெளியே வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அந்த லைனில் அந்த வேலை மட்டும். ஆலை போனபோது கூடவே எல்லாம் போயிற்று. ஏனென்றால் ஆலையைத் தவிர வேறெதையும் நாம் கேட்டு வாங்கியிருக்கவில்லை.

அடுத்து 2021 டிசம்பர். ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சானது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. அவர்கள் என்ன செய்தார்கள்? சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்! நடு இரவு, மார்கழிக் குளிர், இருபது வயதுப் பெண்கள். நமக்குப் பக்கத்து ஊர்ச் சாலையில் நடந்ததை உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆலை சில வாரம் மூடி, ஜனவரியில் திறந்தது. நிறுவனமும் பொருள் வாங்கும் ஆப்பிளும், விடுதியும் சாப்பாட்டு அறையும் தரமாக இல்லை என்று ஒப்புக்கொண்டன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். சிப்காட் கட்டியது, செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். திறப்பு விழாவுக்கு ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் வந்திருந்தார். நல்ல வேலை நடந்தால் நல்லது என்று சொல்வதில் நமக்குக் கூச்சம் வேண்டாம்.

2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம். அயல்நாட்டு முதலீட்டாளர்கள் வேலை நேரத்தில் தளர்வு கேட்கிறார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. பத்தே நாள், மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தைவானில் வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை, இரண்டு நாள் ஓய்வு என்பது 2016 முதல் சட்டம். தம் வீட்டில் எட்டு மணி நேரம், நம் வீட்டில் பன்னிரண்டு மணி நேரமா? நண்பன் கேட்டால் கொடுக்கலாம். நண்பன் தன் வீட்டில் செய்யத் துணியாததை நம் வீட்டில் செய்யக் கேட்டால், கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாமா?

2024 ஜூனில் இன்னொரு செய்தி. மணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. ஃபாக்ஸ்கான் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. குற்றச்சாட்டு, மறுப்பு இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன். ஆனால் ஒரு கேள்வியை வைக்காமல் இருக்க முடியாது: ஐம்பது ஆண்டுக்கு முன் காவோசியுங் படகில் மாண்ட அத்தனை பெண்களும் மணமாகாதவர்களாக இருந்தது தற்செயலா? தாலி ஏறினால் வேலை இறங்கும் என்றால், இருபத்தைந்து வயதில் ஓய்வுபெறச் சொல்கிறோம் என்றுதானே பொருள்?

நட்பு என்று ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர், அடுத்ததாகவே நட்பாராய்தல் என்று இன்னோர் அதிகாரம் எழுதினார். அதன் பிறகு தீ நட்பு, கூடா நட்பு என்று எச்சரிக்கைகளும் வைத்தார். அந்த வள்ளுவரைச் சீன மொழியில் பெயர்த்தவர் யார் தெரியுமா? தைவான் நாட்டுக் கவிஞர் யூசி! திருக்குறளோடு நிற்காமல் பாரதியையும் பாரதிதாசனையும் அவர் சீன மொழிக்குக் கொண்டுபோனார். பதிலுக்கு நாம் எத்தனை தைவான் கவிஞர்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தோம்? அவர்கள் நம் குறளைப் படிக்கிறார்கள், நாம் அவர்களின் கொள்முதல் ஆணையைப் படிக்கிறோம். இது சமமான நட்புதானா?

ஆராய்ந்து கொள்வோம், ஆராய்ந்து கேட்போம். என்ன கேட்போம்?

வித்தையைக் கேட்போம்! சின்சூவில் உள்ள பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகள் முனைவர் பட்டம் படிக்கிறார்கள். தைவானில் தமிழ்ச் சங்கம் வைத்துப் பொங்கல் கொண்டாடுகிறார்கள். அவர்கள் திரும்பி வந்தால் உட்கார்ந்து ஆய்வு செய்ய இங்கே இடம் இருக்கிறதா? ஆலைக்கு மனை ஒதுக்கும்போதே, ஆய்வகத்துக்கும் ஒரு மனை என்று பேரம் பேசுவோம். 1976இல் தைவான் அதைத்தான் செய்தது.

நம் சிறு தொழில்களுக்கு இடம் கேட்போம்! தைவானின் வலிமையே சிறுநிறுவனங்களில் பிறந்தது. வீட்டு முன்கட்டில் லேத் வைத்து ஏற்றுமதி செய்த குடும்பங்கள் அவை. இங்கே அம்பத்தூரில், ஓசூரில், கோவையில் அதே கைத்திறன் இருக்கிறது. போனுக்கு ஒரு திருகாணி, காலணிக்கு ஓர் அச்சு, பெட்டிக்கு ஓர் அட்டை, எதுவானாலும் சரி, இத்தனை ஆண்டுக்குள் இத்தனை பங்கு இந்த மாநிலத்துச் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குவோம். ஆலை ஒருநாள் போனாலும் அவர்கள் இங்கே இருப்பார்கள்.

கணக்கைக் கேட்போம்! அடிக்கல் நாட்டும் நாளில் கோடிகள் செய்தித்தாளில் வருகின்றன. ஐந்தாண்டு கழித்து எத்தனை கோடி வந்தது, எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் கான்ட்ராக்ட், எத்தனை பேர் நிரந்தரம் என்று எந்தச் செய்தித்தாளில் வருகிறது? ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் ஒரு பக்கக் கணக்கு வைக்கட்டும். மக்களாட்சி நாட்டோடு செய்த ஒப்பந்தத்தை மக்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

கடைசியாக, தொழிலாளர்களின் நட்பைக் கேட்போம்! முதலீட்டாளர் குழுக்கள் விமானம் ஏறுகின்றன, நல்லது. ஒரு முறையாவது செய்யாற்றிலிருந்தும் சுங்குவார்சத்திரத்திலிருந்தும் பத்துப் பெண் தொழிலாளர்கள் காவோசியுங்குக்குப் போகட்டும். தாவோயுவான் ஆலைப் பெண்கள் வழக்கை எப்படி நடத்தினார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு வரட்டும். தைவானிலும் எல்லாம் பொன்னுலகம் என்று நான் சொல்லவில்லை. இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் அங்கே போய் உழைப்பவர்களுக்கு இன்றும் ஆயிரம் குறை உண்டு. அந்தக் குறையைப் பேசுவதற்கு அங்கே சங்கம் உண்டு, நீதிமன்றம் உண்டு, தேர்தல் உண்டு. நமக்கும் இவை மூன்றும் உண்டு. இரண்டு நாட்டுக்கும் பொதுச் சொத்து இது. நட்பை இதன் மேல் கட்டினால் நிற்கும்.

மாணவர்களே, இந்த நட்பைக் கணக்கெடுக்கும் வேலை உங்களுடையது. ஆலைக்குள் வேலை செய்யும் தங்கைகளே, இந்த நட்பை ஆராயும் உரிமை எல்லாருக்கும் முன்னால் உங்களுடையது. தமிழ்நாட்டுக்குத் தைபேயில் தூதர் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். ஆனால் இந்த மாநிலத்தின் பெயரை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது உங்கள் கை. எனவே கேளுங்கள். நிரந்தர வேலையைக் கேளுங்கள். மணமான பின்னும் வேலையைக் கேளுங்கள். லைனில் நின்றவள் மேற்பார்வையாளராக, மேற்பார்வையாளர் பொறியாளராகப் படிக்க வழியைக் கேளுங்கள். கேட்டால் நடக்காது என்பவர்களிடம் பத்தே நாளில் திரும்பிப்போன பன்னிரண்டு மணி நேரத் திருத்தத்தைக் காட்டுங்கள். கேட்காமலே நடக்கும் என்பவர்களிடம் காவோசியுங்கைக் காட்டுங்கள்.